ஒரு வரியும் ஒரு பேரவையும்

பங்குனி பிறந்துவிட்டால் இலங்கை மலையகத்து ஹட்டனில் பகல் இரண்டு மணிக்கு மேல் எவரும் கரண்ட்டை நம்பி ஒரு காரியத்தைத் தொடங்குவதில்லை. இடி எங்கோ வட்டவளைப் பக்கம் உருளும். கரண்ட் இங்கே போய்விடும். பத்து நிமிடத்தில் திரும்பியும் வந்துவிடும். லோஜினிக்குக் கரண்ட் போவதில் பயமில்லை. திரும்பி வருவதில்தான் பயம்.

அவள் தோட்டக் குடும்பங்களின் பத்திரங்களைப் பதிந்து காக்கும் ஒரு சேவை நிலையத்தில் கணினிப் பொறுப்பாளர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு புடவைக் கடையின் மாடியில் நிலையம். வீட்டு உறுதிப் பத்திரத்துக்கு விண்ணப்பித்த அறுநூற்று நாற்பது குடும்பங்களின் பிறப்புச் சான்று, விவாகப் பதிவு, பிரஜாவுரிமைக் கடிதம் எல்லாவற்றையும் கூட வேலை செய்யும் மேர்வின் ஸ்கேன் செய்வார். லோஜினி கணினியில் பத்திரப்படுத்துவாள். மூலப் பத்திரங்கள் விண்ணப்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டன. கொழும்புக்குப் போன காகிதம் மலையேறித் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. ஆகவே அத்தனை குடும்பமும் இந்த நாட்டில்தான் பிறந்தது என்பதற்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அந்தக் கணினி.

சாட்சிக்கு ஒரு வியாதி. உள்ளே நேரத்தைக் காக்கும் சின்னப் பேட்டரி செத்துவிட்டது. கரண்ட் போய் வந்தால் அது 1970ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியில் கண் விழிக்கும். இணையம் கிடைத்த பிறகுதான் புத்தி தெளிந்து இன்றைய திகதிக்கு வரும். மழை நாளில் ஹட்டனில் இணையம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? பேட்டரியை மாற்றினால் போச்சு என்பீர்கள். பெட்டியின்மேல் தலைமையகத்தின் சீல் இருக்கிறது. சீலை உடைத்தால் விசாரணை. பென்டிரைவில் பிரதி எடுத்தாலும் விசாரணை. தலைமையகத்தில் பேட்டரி கையிருப்பில் இல்லை. விசாரணை மட்டும் எப்போதும் கையிருப்பில் இருந்தது.

1970இல் கண் விழிப்பதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. எல்லா நிலையக் கணினிகளிலும் ‘துப்புரவாளன்’ என்றொரு நிரல் போட்டிருந்தார்கள். கணினி எழும்பும் ஒவ்வொரு தடவையும் அது கோப்புகளின் வயதைக் கணக்குப் பார்த்து, ஏழு வருடத்துக்கு மேல் பழசானதைக் குப்பையென்று கூட்டித் தள்ளும். நல்ல வேலைதான். ஆனால் கணினி 1970 என்று சொல்லும்போது, போன வருடம் ஸ்கேன் செய்த கோப்பு ஐம்பத்தைந்து வருடம் முன்னால், எதிர்காலத்தில் நிற்கும். துப்புரவாளன் கழித்துப் பார்க்கும். விடை ‘கழித்தல் ஐம்பத்தைந்து’ என்று வரும். அந்தக் கழித்தல் குறியை அது சட்டை செய்வதில்லை. ஐம்பத்தைந்து வருடக் குப்பை என்று துடைத்துவிடும்.

மாசி மாதம் இறம்பொடை நிலையத்தில் அப்படித் துடைத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் பத்து நிமிடத்தில் பிறக்காதவர்களாகிப் போனார்கள். தலைமையகம் அதை இயற்கை அனர்த்தம் என்று எழுதிக் கோப்பை மூடியது. லோஜினி மட்டும் மூடவில்லை. மூன்று நாள் நிரலைக் கிண்டிக் குறையைப் பிடித்தாள். மருந்து ஒரே ஒரு வரி: கோப்பின் திகதி இன்றைக்குப் பிந்தியதாயிருந்தால் அதில் கை வைக்காதே.

தன் கணினியில் அந்த வரியைச் சேர்த்தாள். மறுநாள் காலையில் தலைமையகம் தொலைவிலிருந்தபடியே பழைய துப்புரவாளனை மறுபடி போட்டுவிட்டது. நிரலை ஆளும் பேரவை முத்திரையிட்ட பதிப்பைத் தவிர வேறெதுவும் ஓடக்கூடாதாம்.

துப்புரவாளன் திறந்த மூல நிரல். அதாவது ஊருக்குப் பொதுச் சொத்து. எவரும் உள்ளே பார்க்கலாம், எவரும் திருத்தம் அனுப்பலாம். அனுப்பியதை ஏற்பதும் விடுவதும் ‘துப்புரவாளன் உலகப் பேரவை’யின் கையில். ஐந்து கண்டங்களில் பரவிய தமிழறிந்த நிபுணர்கள். அவர்களுடைய முகப்புப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: ‘வருக! உங்கள் ஒரு வரியும் எங்களுக்குப் பொன் வரி!’

லோஜினி அதை நம்பினாள். பாவம், இருபத்தாறு வயது. ஒரு வரியை அனுப்பிவிட்டு மேர்வினிடம், “அண்ணே, நாளைக்கே சரியாயிரும்” என்றாள்.

மேர்வின் தொழிற்சங்கக் கிளையில் பத்து வருடம் காரியதரிசியாக இருந்து களைத்து இந்த வேலைக்கு வந்தவர். “எந்த நாளைக்கும்மா?” என்று மட்டும் கேட்டார்.

முதலில் பதில் சொன்னது மனிதர் இல்லை. வாயிற்காப்போன் என்ற இயந்திரம். பங்களிப்பாளர் உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும், அதற்கு வதிவிடத்தை உறுதிப்படுத்த வேண்டும், வீட்டிலக்கமும் தெருப்பெயரும் கட்டாயம் என்றது. லோஜினி தன் தோட்டத்து வரிசை வீட்டின் விலாசத்தை உள்ளபடி எழுதினாள்: நாலாம் லயம், ஆறாம் காம்பரா, கீழ்ப்பிரிவு. ‘தெரு காணப்படவில்லை’ என்றது வாயிற்காப்போன். ஒன்பது தடவை எழுதினாள். ஒன்பது தடவையும் காணப்படவில்லை. தெரு இருந்தால்தானே காண்பதற்கு?

“இல்லாட்டி நாமளே ஒண்ணு போட்டுக்கிறதுதான்” என்றார் மேர்வின். “வாசலுக்கு முன்னால என்னா இருக்கு?”

“கொழுந்து மடுவம்” என்றாள், பறித்த தேயிலையை நிறுக்கும் கொட்டகையைச் சொல்லி.

‘இலக்கம் 6, கொழுந்து மடுவத் தெரு’ என்று எழுதினாள். வாயிற்காப்போன் மகிழ்ந்து போய், இரகசிய எண் தாங்கிய கடிதம் தபாலில் வருகிறது என்றது.

ஐந்து வாரத்தில் கடிதம் வந்தது. லயத்துக்கு இல்லை, எந்தக் கடிதம் லயத்துக்கு நேரே வந்திருக்கிறது? தோட்டத்து ஆபீசுக்கு வந்தது. பெரிய கிளாக்கர் அழகுமுத்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு லோஜினியை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

“நம்ம தோட்டத்துல தெரு எப்பம்மா வந்துச்சு?”

“வரலைங்க சார். சும்மா ஒரு பேருக்கு எழுதினேன்.”

“பேருக்கு எழுதுவியா? தெருன்னு ஆயிட்டா லைட்டு கேப்பாங்க, தண்ணி ஓட காணு கேப்பாங்க, தார் போடச் சொல்லுவாங்க. தொரைக்கு நான் என்னா பதில் சொல்றது?”

தோட்டத்து மேனேஜரான துரையும் கலவரப்பட்டார். கம்பெனிக்கு எழுதினார். கம்பெனி வக்கீலைக் கேட்டது. கடைசியில் ‘இத்தோட்டத்தில் தெரு என்று எதுவும் இல்லை, இருந்ததும் இல்லை, இனி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் மாட்டேன்’ என்று லோஜினி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே கடிதம் கைக்கு வந்தது. அன்று மாலை இரகசிய எண்ணைப் பதிந்தாள். ‘கொழுந்து மடுவத் தெருவில் உங்கள் வதிவிடம் உறுதி செய்யப்பட்டது. வாழ்த்துகள்!’ என்றது பேரவை.

இவ்வளவும் வாசல்படி. இனித்தான் பரிசீலனை.

மெல்பேர்னில் இருக்கும் நாகலெட்சுமி அம்மையார் முதல் பரிசீலகர். அவர் வரியைப் படிக்கவில்லை, அளந்தார். ‘இரண்டாம் சொல்லுக்கும் மூன்றாம் சொல்லுக்கும் நடுவே இரண்டு இடைவெளிகள் உள்ளன. ஒன்றே போதும். இத்தகைய அலட்சியம் என்னைத் துயரில் ஆழ்த்துகிறது. ஒழுங்கு கையேட்டின் நானூறு பக்கங்களையும் படித்துவிட்டு மீண்டும் அனுப்புக.’ லோஜினி ஓர் இடைவெளியை அழித்தாள். அழித்ததைச் சரிபார்க்க அம்மையாருக்கு ஆறு வாரம் பிடித்தது. நடுவே விடுமுறையில் போயிருந்தாராம்.

இரண்டாமவர் இலண்டன் கந்தப்பன். அவருக்கு இடைவெளியெல்லாம் தூசு. ‘எதிர்காலத் திகதி என்கிறீர்கள். எதிர்காலம் என்றால் என்ன? அது கணினியின் எதிர்காலமா, கோப்பின் எதிர்காலமா, பார்ப்பவரின் எதிர்காலமா? இதைத் தெளிவாக்காமல் ஒரு வரியைச் சேர்ப்பது வருங்காலச் சந்ததிக்கு நாம் செய்யும் துரோகம்’ என்று தொடங்கிப் பதினான்கு பக்கம் எழுதியிருந்தார். பதினான்காம் பக்கத்தின் அடியில், ‘நான் இதை எதிர்க்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை, சிந்திக்கிறேன்’ என்று இருந்தது. சிந்தனை ஆடி மாதம் வரை நீண்டது.

மூன்றாமவர் சிங்கப்பூர் செல்லசாமி, பயனர் உரிமைப் பொறுப்பாளர். ‘எதிர்காலத் திகதியிட்ட கோப்புகள் அழிவதையே நம்பி வாழும் பயனர் எவரேனும் உலகில் ஒருவர் இருந்தால், அவருடைய உரிமை என்னாவது? அப்படி ஒருவரும் இல்லை என்பதற்கு ஆதாரம் இணைக்கவும்.’

லோஜினிக்கு அழுகை வந்தது. “இல்லாத ஆளு இல்லைன்னு நான் எங்கண்ணே போயி சான்றிதழ் வாங்குறது?”

“நம்ம பெரிய கிளாக்கர கேளு. இல்லைன்னு எழுதி வாங்குறதுல அவரு கெட்டிக்காரர்” என்றார் மேர்வின்.

அதுவரை கணினியைக் காப்பாற்றியது மேர்வினின் காதுதான். இடி உருண்டால் போதும். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப்போய் கணினியை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவார். பிறகு திகதியைக் கையால் சரிசெய்துதான் துப்புரவாளனை எழும்ப விடுவார்கள். ஒரு நாட்டுப் பிரஜைகளின் பிறப்பு ஒரு மனிதரின் காதில் தொங்கிக்கொண்டிருந்தது. டிக்கோயாவில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட மேர்வின் மழை நாளில் போகவில்லை.

ஐப்பசி முதல் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பேரவை காணொளியில் கூடி அந்த வரியை விவாதிக்கும் என்று ஓலை வந்தது. ஐப்பசியில் பின்னேரம் மூன்று மணிக்கு மலையகத்தில் என்ன நடக்கும் என்று மெல்பேர்னுக்கும் இலண்டனுக்கும் யார் சொல்வது? லோஜினி சொன்னாள். ‘வானிலை பேரவையின் அதிகார வரம்புக்குட்பட்டதன்று’ என்று பதில் வந்தது.

நிலையத்தில் இருந்த அந்த ஒரே கணினியில்தான் லோஜினி கூட்டத்தில் சேர்ந்தாள். இறைவணக்கம் முடிய மூன்று பத்து. வரவேற்புரை முடிய மூன்று முப்பது. பின்பு தலைவர், டொரொண்டோவிலிருந்து சூசைரட்ணம், சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். திரையில் அவருடைய வயிறு மட்டும் தெரிந்தது.

“அன்பார்ந்த அவையோரே! பதினொரு ஆண்டுகளாக இப்பேரவை ஒரு பிழையைக்கூடத் தவறாகத் திருத்தியது கிடையாது. காரணம், எதையும் அவசரப்பட்டுத் திருத்தியதில்லை. சென்ற ஆண்டு நமக்கு நாற்பத்தொரு திருத்தங்கள் வந்தன. நாற்பத்தொன்றையும் இன்னும் பொன்போல் பாதுகாத்து வருகிறோம். தரம், தோழர்களே, தரம்! ஏற்றுக்கொள்வது எவராலும் இயலும். தாமதிப்பதற்குத்தான் தகுதி வேண்டும்!”

கைதட்டல் குறிகள் திரையில் பறந்தன. “இப்பொழுது நம்முடைய மலைநாட்டுச் சகோதரி இரண்டு நிமிடங்களில் தம் கருத்தை...”

லோஜினி வாயைத் திறந்தாள். மல்லியப்பூச் சந்திப் பக்கம் பளீரென்று மின்னல் வெட்டியது. கரண்ட் போய்விட்டது.

மேர்வின் அப்போது கீழே புடவைக் கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தார். கூட்டம் முடியட்டும், இடைஞ்சல் செய்யக் கூடாது என்ற மரியாதை. கரண்ட் போனதும் படியேறி ஓடி வந்தார். லோஜினி மேசைக்கடியில் குனிந்து பிளக்கைத் தேடுவதற்குள், கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்ட்டும் வந்துவிட்டது. அவர் பிளக்கைப் பிடுங்குவதற்குள் துப்புரவாளன் ஒன்பது குடும்பங்களைக் கூட்டித் தள்ளியிருந்தது.

பேரவையின் கூட்டக் குறிப்பில் அன்றைய நிகழ்வு இப்படிப் பதிவானது: ‘பங்களிப்பாளர் தம் உரையின் தொடக்கத்திலேயே அவையின் அனுமதியின்றி வெளிநடப்புச் செய்தார். அவை வருந்துகிறது. விடயம் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.’

ஒன்பதில் ஒன்று மூக்கனுடைய குடும்பம். திங்கட்கிழமை கிழவர் மழைக்குத் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். விண்ணப்பத்துக்கு இன்னொரு பிரதி கொழும்பில் கேட்டிருக்கிறார்களாம். லோஜினி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை.

“எங்க அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கெடைக்க இருவத்திரெண்டு வருசம் ஆச்சு தாயி” என்றார். “நான் இங்கதான் பொறந்தேன்னு இனி யாருகிட்ட போயி கேக்குறது?”

அவர் போன பிறகு லோஜினி மேசையில் ஓங்கிக் குத்தினாள். கை வலித்தது, ஆத்திரம் தீரவில்லை. ஏழு மாதம்! ஒரு வரி! படித்தவர்கள், பெரியவர்கள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் ‘பணிவன்புடன்’ போட்ட தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

மேர்வின் பால் விடாத பிளேன்டியைக் கொண்டுவந்து வைத்தார். “நான் ஒண்ணு சொல்லட்டா? எங்க தோட்டத்துல பைப்பு வேணும்னு மூணு வருசம் மனு குடுத்தோம். நடக்கல. உண்ணாவிரதம் இருந்தோம். நடக்கல. அப்பறம் மேனேஜருக்குப் பொன்னாடை போத்துறதுக்குன்னு ஒரு விழா எடுத்தோம். மேளதாளம், மாலை, எல்லாம். விழாவுக்கு வர்ற பெரிய மனுசங்க கை கழுவணும்ல? முந்துன நாளே பைப்பு வந்துருச்சு.”

“அதுக்கும் இதுக்கும் என்னாண்ணே?”

“நீ மனு மட்டுந்தான் குடுத்திருக்க. மாலை எங்க?”

லோஜினி பிளேன்டியைத் தள்ளி வைத்தாள். பிறகு கணினிப் பக்கம் திரும்பினாள்.

மறுநாள் பேரவைக்கு ஒரு புதிய திருத்தம் போனது. தலைப்பு: ‘பேரவைப் பெருந்தகைகளின் திருப்பெயர்களைப் பொன்னெழுத்தில் பொறித்தல்’. துப்புரவாளன் எழும்பும்போதெல்லாம் உலகத்துக் கணினிகள் அனைத்திலும் அவையோர் பெயர்கள், ஒவ்வொன்றுக்கு முன்னாலும் ‘மாண்புமிகு’ சேர்த்து, பொன் நிறத்தில் மின்னி மறையும். விளக்கக் குறிப்பில் முதலாவதாக இதை எழுதி, இரண்டாவதாக, ‘எதிர்காலத் திகதியிட்ட கோப்புகளைத் தொடாமலிருக்க ஒரு வரி, முன்பு அனுப்பியதேதான்’ என்றும் ஒளிவுமறைவில்லாமல் எழுதினாள். களவு செய்கிற புத்தி அவளுக்குக் கிடையாது. இரண்டாவதை எவரும் படிக்கமாட்டார்கள் என்கிற புத்தி ஏழு மாதத்தில் வந்திருந்தது.

முதல் பதில் மூன்று நிமிடத்தில் வந்தது. நாகலெட்சுமி அம்மையார்: ‘அருமை. என் பெயருக்குப் பின்னால் முனைவர் பட்டம் விடுபட்டுள்ளது.’ நடுவே எத்தனை இடைவெளி என்று அவர் எண்ணவில்லை. அடுத்தது செல்லசாமி: ‘கந்தப்பன் பெயருக்குக் கீழே என் பெயர் இருப்பது எந்த நியாயத்தில்?’ லோஜினி பெயர்களை வட்டமாக அடுக்கினாள். வட்டத்தில் மேலேது, கீழேது? கந்தப்பன் இந்தத் தடவை சிந்திக்கவில்லை. பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்தபடியே ஒப்புதல் அனுப்பினார். வதிவிடச் சான்று கேட்க எழுந்த வாயிற்காப்போனைத் தலைவரே அதட்டி உட்கார வைத்தார்.

எல்லாமாகப் பதினேழு நிமிடம். பேரவையின் வரலாற்றிலேயே அதிவேகத் திருத்தம் என்று தலைவர் ஒரு வாழ்த்துரை வெளியிட்டார். ‘நம் நடைமுறை மந்தமானது என்று தூற்றியோருக்கு இதுவே பதில்!’ அன்றிரவே முத்திரை குத்தினார்கள். ‘மாண்புமிகு பதிப்பு’ என்று அதற்குப் பெயர். வெளியீட்டுக் குறிப்பில், ‘அவையோர் பெயர்கள் சேர்க்கப்பட்டன, வேறு மாற்றம் எதுவும் இல்லை’ என்று இருந்தது. காலையில் தலைமையகம் எல்லா நிலையங்களிலும் அதைத் தானாகவே போட்டுவிட்டது.

வியாழக்கிழமை இடி இடித்தது. மேர்வினின் கால் தானாக ஓடப் பார்த்தது. லோஜினி தடுத்தாள். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் நின்றார்கள். கரண்ட் போனது, வந்தது. கணினி 1970ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியில் கண் விழித்தது. சூசைரட்ணம், நாகலெட்சுமி, கந்தப்பன், செல்லசாமி எல்லாரும் தங்கமாக மின்னி மறைந்தார்கள். துப்புரவாளன் கணக்குப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

‘அகற்றப்பட்ட கோப்புகள்: பூச்சியம்.’

மேர்வின் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். லோஜினி நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அறுநூற்று முப்பத்தொரு குடும்பங்கள் பிறந்த இடத்திலேயே இருந்தன.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய பழைய விண்ணப்பத்துக்கு, பங்குனியில் அனுப்பிய அந்த ஒற்றை வரிக்கு, பேரவையின் இறுதித் தீர்ப்பு வந்தது. ஒன்பது பேர் கையெழுத்திட்டிருந்தார்கள்.

‘அம்மணி, தாங்கள் முறையிட்ட குறையை எமது புதிய பதிப்பில் மூன்று கண்டங்களில் வைத்துப் பரிசோதித்தோம். எதிர்காலத் திகதியிட்ட கோப்பு ஒன்றுகூட அழியவில்லை. அப்படியொரு குறை துப்புரவாளனில் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. ஆகவே தங்கள் வரி தேவையற்றது என நிராகரிக்கப்படுகிறது. இல்லாத குறையைச் சொல்லி அறிஞர் பெருமக்களின் ஏழு மாத உழைப்பை வீணடித்தமைக்காகத் தாங்கள் ஓராண்டு காலம் எதையும் திருத்தலாகாது. இனியேனும் நன்கு ஆராய்ந்து எழுதுக.’

லோஜினி அதை இரண்டு தடவை வாசித்தாள். மேர்வினுக்கும் ஒரு தடவை உரக்க வாசித்துக் காட்டினாள். அவர் சிரித்த சிரிப்பில் கீழே புடவைக் கடைக்காரர் படியேறி வந்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு அவள் பதில் எழுதினாள்: ‘பேரவை சொல்வது முற்றிலும் சரி. இப்போது நானும் சோதித்துப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு குறையே இல்லை. மன்னிக்கவும்.’